சாலையில் கழியும் நேரமும் வேலை நேரம்தான்

காலை நிகழ்ச்சியில் சாலை நெரிசல் தகவல் வாசிப்பது என் அன்றாட வேலை. "கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரி ஒருவருடைய நாளை எப்படிக் குலைத்துவிடும் என்பதை, என் சித்தி மகளோடு ஒரு சனிக்கிழமை காரில் சுற்றியபோதுதான் உணர்ந்தேன்.

அவள் கிள்ளானில் இருக்கும் அழகுக்கலைஞர். கடை கிடையாது. புருவம் திருத்துவது, ஃபேஷியல், மருதாணி, மணப்பெண் அலங்காரம் என எல்லாவற்றையும் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் செய்வாள். காரின் பின்னால் மடக்குக் கட்டில், வளைய விளக்கு, சக்கரம் வைத்த ஒப்பனைப் பெட்டி, துவைத்து மடித்த துண்டுகள். கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. சுலபமான தொழில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"ஒரு தடவை நல்லா பட்டுட்டேன்க்கா. அதுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு" என்றாள்.

எழுபது நிமிடத் தாமதம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. காலையில் பண்டமாரான், பிறகு பூச்சோங், பிற்பகல் ரவாங்கில் ஒரு நிச்சயதார்த்தப் பெண், மாலை மறுபடியும் ஷா ஆலாம். யாரையும் இழக்க மனமில்லாமல் எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டாள். நோட்டில் வேலை தொடங்கும் நேரத்தை மட்டும்தான் எழுதியிருந்தாள். இடையில் ஓட்ட வேண்டிய சாலைகளுக்கு அதில் இடமே இல்லை.

பண்டமாரானில் "என் தங்கச்சிக்கும் புருவம் பார்த்துடுங்க" என்றார்கள். இருபது நிமிடம் போனது. பூச்சோங்கிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்டிபி நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. ரவாங் வீட்டுக்குள் நுழைந்தபோது எழுபது நிமிடத் தாமதம். அந்தப் பெண் கண்ணாடி முன் தானே கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவங்க அம்மா திட்டியிருந்தாகூட பரவாயில்லை. பேசின காசை எண்ணிக் கொடுத்தாங்க, ஒரு வார்த்தை பேசலை." பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள், அன்றிரவே நோட்டை மாற்றினாள்.

பின்னிருந்து முன்னால்

இப்போது அவள் கணக்கு முகூர்த்தத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. நான் உடன் போன நாளில் முகூர்த்தம் காலை 7.30க்கு. பெண் 6.30க்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஒப்பனை, தலை அலங்காரம், சேலைக் கட்டு, நகை எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம், ஆக 3.45க்குக் கை வைக்க வேண்டும். பொருட்களை எடுத்து அடுக்கக் கால் மணி, 3.30க்கு அங்கே இருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரு மணி நேரம். அதிகாலை 2.30க்குக் கிளம்பினோம். இதனால், முகூர்த்தத்துக்கு முந்திய நாள் மாலை 5 மணிக்குப் பிறகு அவள் வேறு வேலை எடுப்பதில்லை. தூக்கமும் நோட்டில் ஏறிவிட்டது.

வட்டாரத்துக்கு ஒரு நாள்

மற்ற வேலைகளை வட்டாரவாரியாகப் பிரித்திருக்கிறாள். கிள்ளானும் ஷா ஆலாமும் இரண்டு நாள், சுபாங், பூச்சோங் ஒரு நாள், செலாயாங், ரவாங் ஒரு நாள். "புதன்கிழமை உங்க பக்கம் வர்றேன், அன்னிக்கு முடியுமா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒத்துக்கொள்கிறார்களாம். வெள்ளிக்கிழமை நண்பகலில், தொழுகைக்கு வந்தவர்களின் கார்கள் பள்ளிவாசல் சாலைகளில் நிறைந்திருக்கும் நேரத்தில், அவள் ஓரிடத்தை விட்டு நகர்வதில்லை. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பத்துமலைப் பக்கம் முன்பதிவே கிடையாது.

இரண்டு வேலைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? அந்த வேளையில் வேஸ் செயலி காட்டும் நேரம், அதற்கு மேல் முப்பது நிமிடம். அடுக்குமாடிக் காவலரிடம் பெயர் பதிந்து, வருகையாளர் நிறுத்துமிடம் தேடி, மின்தூக்கிக்கு அட்டை வைத்திருப்பவர் இறங்கி வரும்வரை காத்திருக்க அது தேவை. தூரிகைகளைத் துடைத்துச் சுத்தம் செய்து, துண்டு மாற்றுவதும் அதற்குள்தான். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது சுத்தம்தான் என்கிறாள்.

முடிச்சாயம் கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வாமை இருக்கிறதா என்று 48 மணி நேரத்துக்கு முன்பே சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பயணம் போகாமல், அதே வட்டாரத்தில் முந்திய முறை இருக்கும்போதே முடித்துவிடுகிறாள்.

"பக்கத்துலதானே?"

கூலிதான் கடினமான பேச்சு. பூச்சோங்கில் பத்து வெள்ளிப் புருவ வேலை. வேலை கால் மணி. போய் வர ஒன்றரை மணி. பெட்ரோலும் டோலும் கழித்தால் கையில் என்ன மிஞ்சும்? 2018 ஜனவரி முதல் கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் இல்லை. அதில் போனால் காசு மிச்சம், நெரிசல் வேளையில் நேரம் நஷ்டம். எதை இழப்பது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்கிறாள்.

"பக்கத்துலதானே, எதுக்குப் பயணக் காசு?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். இப்போது பத்துக் கிலோமீட்டருக்குள் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தொகையை முன்பதிவின்போதே புலனத்தில் எழுதி அனுப்பிவிடுகிறாள். மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பணம் வாங்காமல் தேதி குறிப்பதில்லை. எழுத்தில் இருந்தால் மனத்தாங்கல் குறைகிறது.

நள்ளிரவுக்கு மேல் தனியாகக் கார் ஓட்டுகிறவள் ஆயிற்றே என்று கேட்டேன். கைத்தொலைபேசி இருக்குமிடத்தைக் கணவருக்குப் பகிர்ந்திருக்கிறாள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ நடத்தும் சொந்தத் தொழில் செய்வோருக்கான திட்டத்திலும் சேர்ந்திருக்கிறாள். முதலாளி இல்லாதவர்களுக்கு வேலையின்போது விபத்து நேர்ந்தால் கைகொடுக்கும் திட்டம் அது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் நம் பெண்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை பேருக்கு அலங்காரம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். "அத்தைக்கும் கொஞ்சம் போட்டு விடுங்க" என்று கடைசி நிமிடத்தில் கேட்பது, அடுத்த வீட்டில் காத்திருக்கும் இன்னொரு பெண்ணின் நேரம்.

அன்று அதிகாலை நாங்கள் போய் நின்றது ரவாங்கில். கதவைத் திறந்த மணப்பெண்ணைத் தங்கை முன்பே அறிந்தவள்போல் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தன்று தானே மை தீட்டிக்கொண்ட அதே பெண்தான். முன்பதிவுக்கு அழைத்தபோது அவள் விலை கேட்கவில்லையாம்.

"அக்கா, அன்னிக்கு உங்களுக்கு வேற எங்கயாவது வேலை இருக்கா?" என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"இல்லைம்மா, உனக்கு மட்டும்தான்" என்று சொல்லித் தேதியை எழுதியிருக்கிறாள் தங்கை. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். ஒரே ஒரு பெயர், மீதி காலி.