கூரை எழும்புது, ஓடிவாங்கோ!

யாழ்ப்பாண நகரின் ஓரத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜ். தகரப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வாங்கோ, காலைப் பார்த்து வையுங்கோ, நிலமெல்லாம் நட்டும் போல்ற்றும். கழற்றிய பொனற் வேப்பமரத்தில் சாத்தியிருக்கிறது. நடுமுற்றத்தில் மரக்குற்றிகளில் ஏறி நிற்கிறதே, அதுதான் நாங்கள் பார்க்க வந்த ஆள்: நீளமான பழைய லாண்ட்றோவர் ஜீப். இன்றைக்கு அதன் தலையில் புதுக் கூரை ஏறப்போகிறது. சும்மா கூரையல்ல, தூக்கினால் எழும்பி நிற்கிற கூரை!

திட்டத்தைக் கேளுங்கோ. ஓடும்போது இது சாதாரண ஜீப். சாட்டிக் கடற்கரையிலோ புங்குடுதீவில் ஒரு பனங்கூடல் ஓரத்திலோ நிறுத்தி, கூரையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டால் உள்ளே நிமிர்ந்து நின்று தேத்தண்ணி போடலாம். மேலே பலகை விரித்து இரண்டு பேர் கால்நீட்டிப் படுக்கலாம். விடிந்ததும் கூரையை இறக்கிக் கொழுவினால் பழையபடி ஜீப். நிரந்தரமாக உயர்ந்த கூடு கட்டினால் தீவுகளுக்குப் போகிற தாம்போதியில் அடிக்கிற பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். மடங்குகிற கூரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த யோசனைக்கு வயது கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் போக்ஸ்ரன் நகரில் மாட்டின் வோல்ரர் கம்பனி ‘டோமொபில்’ என்ற பெயரில் இப்படியான கூரைகளைச் செய்து விற்றது. 1960களில் லாண்ட்றோவருக்கும் ஒன்று வந்தது. ஒரு பக்கம் பிணைச்சல், மற்றப் பக்கம் எழும்பும், இடையில் கோடுபோட்ட கன்வஸ் துணி. ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா கம்பனி வொக்ஸ்வாகன் வான்களுக்குக் கூரை தூக்கியது. அமெரிக்காவில் பிக்கப்பின் முதுகில் ஏற்றி இறக்குகிற பெட்டிவீட்டையே செய்தார்கள். எங்கள் கராஜில் நடப்பது டோமொபில் முறை.

ஆனால் ஜீப்பின் பின்பக்கம் வாங்கோ, அது அசல் யாழ்ப்பாணம்! பின்கதவு கீழே இறங்கி, இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கி, அகலமான மேசையாக நிற்கிறது. தட்டிவானில் போன ஆட்களுக்கு இதைப் பார்த்ததும் முகம் மலரும். லொறிச் சாசியின்மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தால் கூடு கட்டி, பின்னால் ஒரு தட்டியைச் சங்கிலியில் இறக்கிவிட்டு, கொடிகாமம் – பருத்தித்துறைப் பாதையில் மரக்கறி மூட்டையையும் சைக்கிளையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி தட்டிவான். அந்தத் தட்டியேதான் இங்கே குசினி மேசை. அடுப்பு இதில், தண்ணிக்கான் பக்கத்தில், சட்டி பானை அடியில் இழுபெட்டிக்குள். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறார்கள், ஓடும்போது கிலுங்காமல் இருக்க. நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன கரிசனை!

இனி உடம்புக்கு வருவோம். முதல் லாண்ட்றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சாசி உருக்கு. அந்தத் தட்டுப்பாடு எங்கள் தீவுகளுக்கு வரமாகிவிட்டது. உப்புக்காற்று சாதாரணத் தகரத்தைத் தின்றுவிடும். இந்தத் தகடு நின்று பிடிக்கும். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத்தண்ணி புகுந்தால் அங்கே சின்னதாய் மின்சாரம் ஓடத் தொடங்கும். கரைந்துபோவது அலுமினியம்தான், வெள்ளை வெள்ளையாய்ப் பொடி கட்டும்.

“இதுதான் தம்பி, தீவு வண்டியின்ர வருத்தம்,” என்று டிங்கர் வேலை செய்கிற அண்ணை ஒரு மூலையைச் சுரண்டிக் காட்டினார். மருந்தும் அவர் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு போல்ற்றுக்கும் கீழே ஒரு நைலோன் வாசர், இரண்டு உலோகமும் சந்திக்கிற நீளம் முழுக்க ரப்பர்ப் பட்டி, சாசிக்குள் கிறீஸ். வெளியில் ஒருவர் கண்ணுக்கும் படாத வேலை. ஒவ்வொரு வாசரையும் அவர் விரலால் தடவிப் பார்த்துத்தான் போட்டார்.

என்ஜினைத் திறந்தார்கள். 2,286 சிசி, நாலு சிலிண்டர், பெற்றோல். இலங்கையில் பழைய லாண்ட்றோவர்கள் பலவற்றுக்கு யப்பான் டீசல் என்ஜின் மாற்றியிருப்பார்கள். இதற்குப் பிறந்த என்ஜினே இருக்கிறது. கராஜின் மூத்த மெக்கானிக் காபரேற்றரைக் கழற்றிப் பழைய பத்திரிகைத் தாளில் துண்டு துண்டாய் அடுக்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கை எங்கே பழகியது தெரியுமோ? மண்ணெண்ணெய்க் காலத்தில்! 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வராமல் தடைப்பட்டன. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு இல்லாமல் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அமுக்கம் குறைந்த பழைய என்ஜின் என்பதால்தான் இந்த வித்தையே எடுபட்டது. ஏ 40 சோமசெற்றின் அமுக்க விகிதம் ஏழு சொச்சத்துக்கு ஒன்று, இன்றைய கார்கள் பலவற்றுக்குப் பத்துக்கு மேல். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்த கைக்கு எந்தக் காபரேற்றரும் விளையாட்டுச் சாமான். எங்கள் ஜீப் பெற்றோலில்தான் ஓடப்போகிறது. ஆனாலும் அந்தக் கை அதைத் தொட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, கூரை! அதைச் செய்தவர்கள் கராஜ்காரர் அல்லர், படகு கட்டுகிறவர்கள். பைபர் பாயும் பிசினும் மாறி மாறிப் பூசி, அச்சில் இறுகவிட்டு எடுத்திருக்கிறார்கள். நாலு பேர் தோளில் வைத்துப் படலைக்குள்ளால் கொண்டுவந்தபோது அது கவிழ்த்த வள்ளம்போலவே இருந்தது. வடக்கின் படகுத் தச்சுக்கு நீண்ட பேர் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் கடல்கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தையே சேர்ந்தது. அந்த மரபில் வந்த ஆட்களுக்கு ஒரு ஜீப்பின் கூரை பெரிய காரியமா? பிணைச்சல் பூட்டினார்கள். பழைய கார் ஒன்றின் டிக்கிக் கதவைத் தாங்கிய காற்றுத்தண்டு இரண்டையும் கொழுவினார்கள். தார்ப்பாய் தைக்கிற அண்ணை கன்வஸை இரட்டைத் தையலில் பிடித்தார்.

“தூக்குங்கோ!”

ஒரே தள்ளு. கூரை மெல்ல எழும்பி நின்றது, கன்வஸ் விறைத்தது, கராஜ் முழுக்கக் கைதட்டல்! நான் உள்ளே ஏறி நிமிர்ந்து நின்று பார்த்தேன். தலை இடிக்கவில்லை!

பிணைச்சல் எந்தப் பக்கம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தீவுகளில் வருசத்தின் நடுப்பகுதி முழுக்கச் சோளகம், தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. நிறுத்தும்போது பிணைச்சல் உள்ள பக்கத்தைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். காற்று சரிவில் ஏறிக் கூரைக்கு மேலால் போய்விடும். மாறி நிறுத்தினால் கன்வஸ் பாயாக விரிந்து இரா முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். தீவாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டத்தின் பாதையும் முடிவாகிவிட்டது. பண்ணைத் தாம்போதி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு வாணர் தாம்போதி தாண்டிப் புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. மணலில் இறங்கமுதல் ரயரில் முப்பதில் நிற்கிற காற்றை இருபதுக்குக் கீழே இறக்க வேண்டும். அகலமாய்ப் பதிந்தால் புதையாது. நயினாதீவுக்கு வண்டியை விட்டுவிட்டுப் படகில் போய் அம்மனைக் கும்பிட்டு வரலாம். நெடுந்தீவுக்குப் பயணிகள் படகில் ஜீப் ஏறாது, தட்டையான சரக்குப் படகு கிடைத்தால்தான் உண்டு. கிடைத்தால் அங்கே ஓடுகிற முறையே வேறு. முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகளுக்கு அருகில் ஊர்ந்து போக வேண்டும், குதிரைகள் மேய்கிற வெளிக்குள் வண்டியை இறக்கவே கூடாது. திரும்பி வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவ வேண்டும். தீவில் நல்ல தண்ணி சனத்துக்கே அருமை, அதனால் கழுவல் யாழ்ப்பாணம் வந்த பிறகுதான்.

இன்னும் வயறிங் மிச்சம், உள்பலகைக்கு வார்னிஷ் மிச்சம். வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எடுக்க வேண்டும், அந்தக் கடுதாசி வேலையும் இருக்கிறது. இருக்கட்டும், எல்லாம் சந்தோசமான வேலை!

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் பெறுமதி எல்லாருக்கும் விளங்கியது. அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வளவிலும் தார்ப்பாய்க்குக் கீழே ஒன்று நிற்கலாம். இரும்புக்கு விற்கமுதல் ஒரு சுத்தியலை எடுத்துச் சாசியை முன்னிருந்து பின்வரை தட்டிப் பாருங்கோ. மந்தமாய்ச் சத்தம் வருகிற இடத்தில் கறள் உள்ளே போய்விட்டது, வெட்டி ஒட்ட வேண்டும். ‘ணங்’ என்று கேட்டால் உருக்கு நல்லாய் இருக்கிறது. உடனே அளவுநாடாவை எடுத்துக் கூரையை அளவுங்கோ!