பீட்ரூட்டை இலையோடும் தோலோடும் சமைக்கலாம்

மூன்று வருசத்துக்கு முன்னால், ரசாயன உரத்தை நிறுத்தின இரண்டாவது வருசம், அரை ஏக்கரில் பீட்ரூட் போட்டிருந்தேன். எங்க ஊர் உடுமலைப் பக்கம். வாய்க்கால் தண்ணி வந்தா மக்காச்சோளம், கிணத்துத் தண்ணியை நம்பி பீட்ரூட், தக்காளி, சின்ன வெங்காயம். இதுதான் இங்கே வழக்கம்.

முதல் தடவை பிடுங்கி, எட்டு மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். வியாபாரி ரெண்டு மூட்டையை எடுத்துக்கிட்டு, "மத்ததெல்லாம் பொடிசா இருக்குதுங்க, சைஸ் பத்தாது" என்று ஆறு மூட்டையைத் தள்ளி வச்சிட்டார். அவர் கேட்ட விலைக்குக் கொடுத்தால் வண்டி வாடகைக்கும் சாக்குக்கும்கூடக் கட்டாது. திருப்பி ஏத்திக்கிட்டு வந்து வாசலில் இறக்கினேன்.

வீட்டுக்காரம்மா மூட்டையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "ஏனுங்க, நம்ம வீட்டுலயே இதை மாசத்துக்கு ஒருக்காத்தான் ஆக்கறோம். நாம திங்காத காயை வேற யாருங்க திம்பாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ போகம் பீட்ரூட் போட்டிருக்கேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச சமையல் ஒரே ஒரு பொரியல்தான். அதுவும் தண்ணியில வேகவச்சு, சிவப்புத் தண்ணியைக் கீழே கொட்டிட்டுத் தாளிக்கிற பொரியல். பிள்ளைங்க மண் வாசம் அடிக்குதுன்னு ஒதுக்கி வச்சிருவாங்க. அடுத்த மூணு வாரம் நாங்க சமைச்சுப் பார்த்துக் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன்.

பொடிசுதான் ருசி

முதலில் தெரிஞ்சுக்கிட்டது, வியாபாரி தள்ளின காய்தான் சமையலுக்கு நல்ல காய் என்பது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசா, கைப்பிடிக்குள் அடங்குகிற கிழங்கு சீக்கிரம் வேகும், நார் இருக்காது. விதைச்சு 60, 70 நாளில் பிடுங்கிடணும். எடை ஏறட்டும் என்று வயலில் விட்டுவச்சா நடுவில் நார் பாய்ந்து கட்டை மாதிரி ஆயிடும். அதை எத்தனை விசில் விட்டாலும் பல்லில் சிக்கும்.

அறுத்துப் பார்க்கும்போது உள்ளே வெள்ளை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெயில் காலத்தில் விளைந்த காயில் அப்படி வரும். நிறம் கொஞ்சம் குறைவா இருக்குமே தவிர, சாப்பிட ஒண்ணும் ஆகாது. உள்ளே கறுத்துத் தக்கை மாதிரி இருந்தால் பெரும்பாலும் மண்ணில் போரான் சத்துக் குறைவு. அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிஞ்சுட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். அடுத்த போகத்துக்கு நிலத்தைக் கவனிக்கணும்.

பிடுங்கினதும் இலையை வெட்டிடுங்க. விட்டுவச்சால் இலை கிழங்கிலிருக்கிற தண்ணியை உறிஞ்சும், காய் ஒரே நாளில் துவண்டுபோகும். ஆனா ஒட்ட வெட்டக் கூடாது. ரெண்டு விரல் அகலம் காம்பு கிழங்கோடு இருக்கட்டும். வால் வேரையும் நறுக்க வேண்டாம். மண்ணை உதிர்த்து நிழலில், ஈரமணலில் புதைச்சு வைத்தால் சில நாள் தாங்கும். கழுவி வச்சா சீக்கிரம் அழுகும்.

முழுசாக வேகவைப்பது

பீட்ரூட்டின் சிவப்பும் இனிப்பும் தண்ணியில் கரையும். தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில் வேகவச்சா ரெண்டுமே தண்ணிக்குப் போயிடும். நாங்க இத்தனை வருசமாச் செய்த தப்பு அதுதான்.

காம்போடும் வாலோடும் அப்படியே கழுவுங்க. தோலில் கீறல் படக் கூடாது. குக்கரில் ஒரு டம்ளர் தண்ணி விட்டு, சின்னக் காய்க்கு நாலு விசில், கொஞ்சம் பெரிசுக்கு ஆறு விசில். குக்கர் இல்லாத வீட்டில் மூடி போட்ட பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். கத்தி நுனியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கணும். பச்சைத் தண்ணியில் போட்டு விரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் சட்டை கழற்றுகிற மாதிரி வந்துடும். சீவுகிற வேலையே கிடையாது.

வெறகடுப்பு இருக்கிற வீட்டில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. ராத்திரிச் சமையல் முடிந்ததும் தணலை ஒதுக்கி, சூடான சாம்பலுக்குள் நாலு கிழங்கைப் புதைச்சு, மேலே கொஞ்சம் தணலைத் தள்ளி வைக்கணும். ஒரு மணி நேரத்தில் வெந்துடும். கருகின தோலை உரிச்சு, உப்பும் மிளகுத்தூளும் தூவி, ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிட்டுப் பாருங்க. தண்ணியே படாததால இனிப்பு அத்தனையும் உள்ளேயே நிற்கும். சர்க்கரைவள்ளி சுட்டுத் தின்ன பழக்கம் உள்ளவங்களுக்கு இது புதுசில்லை.

மண் வாசத்துக்குப் புளிப்பு

பிள்ளைகள் சொன்ன மண் வாசம் பொய்யில்லை. மழை பெய்ததும் நிலத்திலிருந்து கிளம்புகிற வாசத்துக்கு ஜியோஸ்மின் என்கிற பொருள் காரணம். அதே பொருள் பீட்ரூட்டிலும் இருக்கு, தோலில் கூடுதலாக இருக்கு. புளிப்பு பட்டால் அது அடங்கிடும். எலுமிச்சை, புளி, தயிர், மாங்காய் எதுவும் சரி. புளிப்பு சேர்த்தால் சிவப்பும் பளிச்சென்று நிற்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போட்டா நிறம் செத்துடும், அதைச் செய்யாதீங்க.

எங்க வீட்டில் பிள்ளைகள் முதலில் ஒத்துக்கிட்டது தயிர்ப் பச்சடி. வேகவச்ச கிழங்கு ரெண்டைத் துருவி, நல்லா ஆறவிட்டு, ஒரு டம்ளர் கெட்டித் தயிரில் உப்போடு கலக்கணும். கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. சூட்டோடு கலந்தால் தயிர் திரிஞ்சுபோகும். ரோஜாப் பூ நிறத்தில் இருக்கிறதைப் பார்த்தே சின்னவள் தட்டை நீட்டிட்டா.

தண்ணி வடிக்காத பொரியல்

அரை கிலோ பச்சைக் கிழங்கைத் தோல் சீவிப் பொடிசா நறுக்குங்க. ரெண்டு கரண்டி செக்கு எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மூணு வரமிளகாய், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, பீட்ரூட்டையும் உப்பையும் சேர்க்கணும். கால் டம்ளர் தண்ணி தெளிச்சு மூடி, சின்னத் தீயில் கால் மணி நேரம். நடுவில் ரெண்டு தடவை கிளறினால் போதும். தண்ணி முழுக்கக் காயிலேயே சுண்டிடும், கீழே கொட்ட ஒண்ணும் இருக்காது. கால் மூடி தேங்காயைத் துருவிப் போட்டு இறக்கி, அரை எலுமிச்சை பிழிஞ்சுவிடுங்க. வேகவச்ச பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்தால் அரிசிச் சோத்துக்கும் ராகிக் களிக்கும் தொட்டுக்க நல்லா இருக்கும்.

இலை குப்பையில்லை

எங்க பக்கம் காயைப் பிடுங்கினதும் இலையை வரப்பில் வீசிடறோம், இல்லைன்னா ஆட்டுக்குப் போடறோம். கடையில் கட்டு கட்டாக விற்கிற பாலக் கீரை பீட்ரூட்டுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். அதைக் காசு கொடுத்து வாங்கிட்டு இதை வீசறோம்.

பீட்ரூட் விதை என்று நாம ஊன்றுவது தனி விதை இல்லை, ரெண்டு மூணு விதை ஒட்டின கொத்து. அதனால ஒரே இடத்தில் ரெண்டு மூணு நாத்து வரும். பதினைந்து, இருபது நாளில் கலைத்துவிடுகிறோம். அப்படிக் கலைக்கிற நாத்துதான் முதல் கீரை. கலைத்த அன்றைக்கே சமைச்சா எந்தக் கீரைக்கும் சளைச்சதில்லை.

பிடுங்குகிற பருவத்து இலையைக் கடைசல் செய்யலாம். ஒரு டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு முக்கால் பதம் வேகவிடுங்க. தண்டைப் பொடிசா நறுக்கி முதலில் போடணும், அது வேக நேரமாகும். அஞ்சு நிமிசம் கழிச்சு இலை, தக்காளி, பச்சைமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம். எல்லாம் வெந்ததும் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, உப்புப் போட்டு, ஒரு கொதி வந்ததும் மத்தால் கடைஞ்சு, கடுகு, சீரகம், வரமிளகாய் தாளிச்சுக் கொட்டுங்க. எங்க ஆத்தாவுக்கு எண்பது வயசாகுது. ரெண்டாவது தடவை சோறு கேட்டது இந்தக் கடைசலுக்குத்தான்.

பொரியலுக்குச் சீவின தோலையும் விடவேண்டாம். மருந்தடிக்காத காய் என்பதால் தோலைத் தைரியமாகச் சாப்பிடலாம். மண் போக நல்லாக் கழுவி, எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளி, உப்பு, கொஞ்சம் தேங்காயோடு அரைச்சா துவையல். தோலில் மண் வாசம் கூடுதல் என்பதால் புளி ஒரு சுளை அதிகமா வையுங்க.

கவனிக்க வேண்டியது

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்துடுவாங்க. அது காயின் நிறம்தான், ஒருநாள் ரெண்டுநாளில் சரியாயிடும். பீட்ரூட்டே சாப்பிடாமல் அப்படிப் போனால் மருத்துவரைப் பார்க்கணும்.

இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவங்க இலையைத் தவிர்த்து, கிழங்கையும் அளவோடு வச்சுக்கணும். சர்க்கரை நோய் உள்ளவங்க சாறாகக் குடிக்காமல் பொரியலாகக் கொஞ்சம் எடுத்துக்கலாம். பீட்ரூட்டில் இயற்கையாகவே இருக்கிற நைட்ரேட் ரத்தக்குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். அதுக்காக மாத்திரையை நிறுத்திட்டு பீட்ரூட்டை நம்பிட வேண்டாம்.

ஆறு மூட்டை என்னாச்சு?

ஒரு மூட்டை எங்களுக்கும் சொந்தபந்தத்துக்கும் ஆச்சு. ஒரு மூட்டை அழுகி எருக்குழிக்குப் போச்சு, மறைக்க ஒண்ணுமில்லை. மிச்சம் நாலு மூட்டையை ஞாயித்துக்கிழமைகளில் பக்கத்து டவுனில் நேரடியா வித்தோம். முதல் வாரம் கிழங்கை மட்டும் குவிச்சு வச்சிருந்தேன். ஜனங்க நின்னு பார்த்துட்டு, "இதுல பொரியலைத் தவிர வேற என்னங்க செய்யறது?" என்று கேட்டாங்க. வீட்டுக்காரம்மா என்கிட்டக் கேட்ட அதே கேள்வி.

இரண்டாவது வாரம் வீட்டுக்காரம்மாவும் வந்தாங்க. ஒரு தூக்குப்போசியில் முழுசா வேகவச்ச கிழங்கை நறுக்கி, உப்பு, மிளகு, எலுமிச்சையோடு ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்தாங்க. அன்றைக்குப் பிடுங்கின காயை இலையோடு கட்டி வச்சிருந்தோம். கடைசல் செய்கிற விதத்தை அவங்களே சொல்லிச் சொல்லி வித்தாங்க. வியாபாரி 'சைஸ் பத்தாது' என்று தள்ளின காயை, "இதே மாதிரி சின்னதா அடுத்த வாரமும் கொண்டு வாங்க" என்று கேட்டு வாங்கினாங்க. அவர் கேட்ட விலையைப் போல மூணு மடங்கு கிடைச்சது.

இப்போ அரை ஏக்கரை ஒரே நாளில் விதைக்கிறதில்லை. பத்து நாளுக்கு ஒருக்காப் பத்துப் பத்து சென்ட்டாக விதைக்கிறேன். வாரா வாரம் பொடிசாப் பிடுங்க அதுதான் தோது. மார்க்கெட்டுக்கு முழுசாப் போகாமல் இல்லை, காய் மிஞ்சும்போது போகத்தான் செய்கிறேன். ஆனா என்ன விதைச்சாலும் முதலில் எங்க வீட்டு அடுப்பில் அதை நாலு விதமாச் சமைச்சுப் பார்த்துடறோம்.

உங்க வயலில் பீட்ரூட் இருந்தால், வர்ற வாரம் ஒரு கைப்பிடி இலையோட நாலு பொடிக் கிழங்கைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்க. உங்க ஊர்ப் பக்குவம் வேற மாதிரி இருந்தால் நம்ம இதழுக்கு எழுதுங்க, நாங்களும் செஞ்சு பார்க்கிறோம்.