மார்த்தினீக் தீவின் ரம் வர்த்தகம்

ஒரு பண்டம் எங்கே விளைகின்றது என்பதினும், அதன் விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்பதே அதனை விளைவிப்போரின் வாழ்வையும் தாழ்வையும் வகுப்பதாகும். இவ்வுண்மைக்குக் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினீக் தீவின் ரம் வர்த்தகம் தக்கதொரு சான்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிரெஞ்சுக்காரர் 1635-ஆம் ஆண்டில் இத்தீவிற் குடியேறினர். ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளைக்கொண்டு கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை காய்ச்சினர். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்த சாராயமே ரம் எனப்பட்டது. 1694-இல் இத்தீவை யடைந்த லபா என்னும் பாதிரியார் சர்க்கரை செய்யும் முறையையும் வடிக்கும் முறையையும் சீர்திருத்தினார். ஆயினும், தாய்நாட்டுப் பிராந்தி வணிகர்க்கு நட்டம் நேருமென்று கருதிய பிரெஞ்சு அரசர், 1713-இல் இச்சாராயத்தைப் பிரான்சில் விற்றலாகாதெனத் தடைவிதித்தார்.

1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் வேறு கூலியாட்களை நாடினர். 1853 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தில், ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய 25,000 இந்தியர் இத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவருட் பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து சென்ற தமிழர் என்பதை நாம் மறத்தலாகாது. அக்காலத்திலேயே பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்தது. பிராந்தி அருகவே, முன்னர்த் தடுக்கப்பட்ட ரம்முக்கு அந்நாட்டில் வரவேற்புண்டாயிற்று.

ஆனால், ஐரோப்பாவிற் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை மிகுதியாகச் செய்யப்பட்டமையால், 1880-ஐ யடுத்த ஆண்டுகளிற் சர்க்கரை விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பல நொடித்தன. ஒமேர் கிளெமான் என்னும் மருத்துவர் 1887-இல் அத்தகைய தோட்டமொன்றை விலைக்கு வாங்கினார். சர்க்கரை செய்து பயனில்லையெனக் கண்ட சிறு தோட்டக்காரர், கருப்பஞ்சாற்றையே நேராகப் புளிக்கவைத்து வடிக்கலாயினர். இதுவே இத்தீவுக்குரிய தனிச்சிறப்பாயிற்று.

1902 மே 8-ஆம் நாள் பெலே எரிமலை வெடித்தது. ரம் வர்த்தகத்தின் தலைநகராயிருந்த ஸேன்-பியேர், வடிசாலைகளோடும் ஏறக்குறைய 28,000 மக்களோடும் அழிந்தது. பின்னர், 1914-இல் தொடங்கிய யுத்தத்தால் வடபிரான்சின் பீட் வயல்கள் போர்க்களமாயின. படைவீரர்க்கு ரம் வேண்டப்பட்டது. தீவில் வடிசாலைகள் பெருகின. யுத்தம் முடிந்தபின் பிரான்சின் சாராய உற்பத்தியாளர் முறையிடவே, அரசாங்கம் 1922-இல் சலுகை வரியோடு இறக்குமதியாகும் ரம்முக்கு அளவு விதித்தது.

இங்ஙனம், தடையும் வரவேற்பும், பெருக்கமும் குறுக்கமும் கடலுக்கு அப்பாலிருந்தே வந்தன. அளவாற் போட்டியிடுதல் அரிதாகவே, தரத்தால் நிலைபெறுதலே வழியாயிற்று. மார்த்தினீக் என்னும் பெயருக்குரிய சட்டப் பாதுகாப்பு 1996-இற் கிடைத்தது. அதன்படி, அத்தீவில் விளைந்த கரும்பின் சாற்றைக்கொண்டு விதித்த முறைப்படி வடித்த ரம்மே அப்பெயர் பெறும்.

பொருளாதாரம் பயிலும் மாணவர்காள்! ஒரு கைத்தொழிலின் வரலாற்றை ஆராயுங்கால், ஏற்றுமதிக் கணக்கோடு அமைதலாகாது. விலை யார் கையிலிருந்தது, உழைத்தவர் யாவர் என்னும் இரண்டையும் கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்பின், தொலைவிலுள்ள ஒரு தீவின் கணக்கேட்டிலும் நம்மவர் வியர்வையைக் காண்போம்.