ஜீவனின் மூலப் பதார்த்தங்கள்

இலங்கையின் காலி நகரில் பிறந்து, 1948ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற சிரில் பொன்னம்பெருமா, பின்னர் லண்டனுக்குச் சென்று பெர்னல் என்னும் பௌதிக மேதையிடம் பயின்று, ஜீவன் எங்ஙனம் தோன்றியது என்ற புராதன வினாவை ரசாயனச் சாலைக்குள் கொண்டுவந்து விசாரித்தவர்களுள் முன்வரிசையில் நின்றார்.

எந்த உயிரணுவைப் பகுத்துப் பார்த்தாலும், நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பங்கு நீர் போக, மிச்சத்தில் பெரும்பகுதி புரதம், நியூக்ளிக் அமிலம், சர்க்கரைப் பொருள், கொழுப்பு என்னும் நால்வகைப் பதார்த்தங்களே ஆகும். யானையின் தசையானாலும் நெல்லின் முளையானாலும் புரதங்கள் அதே 20 அமினோ அமிலங்களைக் கோத்தே ஆக்கப்படுகின்றன. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ.வுக்கோ நான்கே காரப் பொருள்கள் போதும். இத்தனை கோடி ரூபங்களுக்கு இவ்வளவு சிக்கனமான முதல்!

1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர், மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சி, அமினோ அமிலங்களைப் பெற்றார். பத்தாண்டுகளுக்குப் பின் பொன்னம்பெருமாவும் அவருடைய சகாக்களும் மீதேன், அம்மோனியா, நீர் என்னும் கலவையின்மீது எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, டி.என்.ஏ.வின் காரங்களுள் ஒன்றாகிய அடினைனை உண்டாக்கினர். 1969 செப்டம்பர் 28ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. நாஸாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய குழுவினர் அதைப் பரிசோதித்து, அதனுள் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் அறிவித்தனர். பூமியின் ஜீவராசிகள் தம் புரதங்களில் இடப்புற வடிவ அமினோ அமிலங்களையே கையாளுகின்றன. அந்தக் கல்லிலோ இடவடிவமும் வலவடிவமும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தமையால், அவை மனிதர் கைபட்டு ஒட்டிய அழுக்கல்ல, ஆகாயத்திலிருந்தே வந்தவை என்பது தெளிவாயிற்று.

ஆகவே, மூலச் சரக்கு அரியதன்று. அதைக் கோப்பதே அரியது. இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே சூழ்ந்திருக்கையில் அது எளிதில் நடவாது. களிமண்ணின் பரப்பு இம்மூலக்கூறுகளைப் பற்றி ஒன்றுசேர்த்திருக்கலாம் என்று பெர்னல் கருதினார். கடம்பத்தூர்ப் பக்கத்து ஏரி சித்திரை வெயிலில் சுண்டிப் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் மீண்டும் நனைவதைப் போல, ஆதிபூமியின் குட்டைகளும் உலர்ந்து நனைந்து, நனைந்து உலர்ந்து வந்திருந்தால், உலருந்தோறும் கண்ணிகள் கூடியிருக்கும். இத்தகைய சோதனைகளில் குறுஞ்சங்கிலிகள் உண்டாவதும் மெய்யே.

இனி, முந்தியது எது? புரதத்தை ஆக்க நியூக்ளிக் அமிலத்தின் கட்டளை வேண்டும். நியூக்ளிக் அமிலத்தைப் பிரதி செய்யப் புரதத்தின் துணை வேண்டும். செய்தியைச் சுமப்பதும் தொழில் புரிவதும் ஆகிய இரண்டையும் ஆர்.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலம் ஒன்றே செய்ய வல்லது என்று கண்டபின் இச்சிக்கல் பெரிதும் தளர்ந்தது. அதுவே முந்தியது என்னும் கட்சிதான் எனக்கும் வலுவாகத் தோன்றுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009இல் மற்றும் இருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புரதங்கள் உருவாகும் அந்த ரைபோசோமின் நடுவே அமினோ அமிலங்களைக் கோக்கும் வேலையை இன்றைக்கும் ஆர்.என்.ஏ.தான் செய்துவருகிறது.