கரிசல் பாடங்கள் – 11: பால்வாடிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவி

2025இல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. அதில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. பணியாளர் வேலைக்குப் பிளஸ் டூ போதும். தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். மானாவாரியை நம்பிக் கிடக்கும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

இந்த வேலையைக் குறிவைத்துக் குழந்தைப் பராமரிப்புப் படிப்பில் சேரும் மாற்றுத்திறனாளி மாணவிக்குப் பாடம் தடையாக இருப்பதில்லை. களப்பயிற்சிதான் மலையாக நிற்கிறது. காலில் காலிப்பர் மாட்டியவளைப் பார்த்ததுமே, "பிள்ளையத் தூக்க முடியுமாம்மா?" என்று கேட்பார்கள்.

அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரத்து நொயெலியா கரெல்லாவும் இப்படித்தான் சந்தேகிக்கப்பட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள அவர், முறையாகப் பயின்று மழலையர் ஆசிரியை ஆனவர். வகுப்புப் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாமா என்று ஆட்சேபம் எழுந்தது. சக ஆசிரியைகளும் பெற்றோரும் நகர மேயரும் அவர் பக்கம் நின்றார்கள். கதை வாசித்துக் காட்டும் வகுப்பு அவருக்குக் கிடைத்தது. 2016இல் உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோது வயது 31. எதிரே இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள். அவரால் நன்றாகச் செய்ய முடிந்த வேலையிலிருந்து தொடங்கினார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நம் பால்வாடியில் அதை எப்படிச் செய்வது?

அங்கே பாதி வேலை தரையில். காலிப்பர் மாட்டியவள் பூட்டை விடுவித்துத்தான் முழங்காலை மடக்க வேண்டும். எழும்போது மறுபடி பூட்ட வேண்டும். சுவரோரம் ஒரு குட்டை ஸ்டூல் போட்டால் பாட்டு, கதை, எடை பார்த்துப் பதிவது எல்லாம் நடக்கும். பிள்ளையைத் தூக்கிப்போய்க் கழுவிவிடுவதை உதவியாளர் அக்கா பார்க்கட்டும். அந்நேரம் மற்ற பிள்ளைகளை மாணவி பார்த்துக்கொள்ளலாம். காது கேட்காத மாணவி என்றால், வாசலும் பிள்ளைகளும் ஒருசேரக் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். அழுகை கேட்காவிட்டாலும் முகம் தெரியும்.

இது சலுகை அல்ல. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அந்த மாற்றங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மதிப்பெண்ணைத் தானமாகப் போடச் சொல்லவில்லை. பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்களா, கற்றார்களா என்று பார்த்து மதிப்பிட வேண்டும்.

அடுத்தது பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆனால் உயரமான படி அப்படியேதான் இருக்கிறது. கிராமத்துக்கு எண்ணிச் சில நடைதான். ஆகவே அருப்புக்கோட்டைக்கு அலையவிடாமல், மாணவியின் ஊர் மையத்திலேயே பயிற்சியை ஒதுக்குவது நல்லது.

ஆலோசனை கேட்கவும் இடமுண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆசிரியர்களையே உருவாக்குகிறது.

பயிற்சி நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களப்பயிற்சி தொடங்கும் முன்பே மாணவியோடு மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். யார் எந்த வேலை, எந்த நேரம் என்று பணியாளரோடு உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)