செபமாலையின் மறுபாதி

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் தாமானில் கத்தோலிக்க வீடுகளில் இரவு ஏழரை மணிக்கு மேல் தொலைக்காட்சி ஓடாது. மாதா வணக்க மாதம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. மாதா சுரூபத்தைச் சின்ன மேசையில் வைத்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, வேலியோரம் பறித்த செம்பருத்தியை ஒரு செம்பில் செருகிவிட்டால் பீடம் தயார். செபமாலையின் 53 மணியும் உருண்டு முடிய அரை மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு மீகூனும் தேநீரும். பிள்ளைகள் எதற்காக வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மீகூன் தட்டு கைக்கு வருவதற்கு முன் எங்கள் அன்பியத்தில் ஓர் அம்மா தவறாமல் கேட்பார்: "இந்த வாரம் யாரைக் காணோம்?"

அன்பியம் என்றால் என்ன என்று மற்ற சமயத்து நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரே வட்டாரத்தில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபித்து, பைபிள் வாசித்து, ஒருவர் கஷ்டத்தை மற்றவர் தெரிந்துகொள்ளும் சிறு குழு அது. 1976ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடிப் பேசினார்கள். கோவிலுக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, வீடுகளுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் இங்கே வலுப்பட்டது. அந்த அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியுமோ என்னவோ, காணாமல் போனவரைத் தேட வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

சிரம்பான் யாம் துவான் சாலையில் இருக்கும் பழைய கோவிலின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? மாதா, எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்ச்சிதான் அதன் பெயர். பழைய செபப் புத்தகங்கள் இதை 'மினவுதல்' என்று சொல்லும். தேவதூதர் வந்து சொல்லிவிட்டுப் போன கையோடு, மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போனதாக லூக்கா எழுதுகிறார். வயதான காலத்தில் கருவுற்றிருந்த உறவுக்காரப் பெண்ணோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். சமையல், தண்ணீர் எடுப்பது, கால் பிடித்துவிடுவது என்றெல்லாம் நற்செய்தியில் இல்லை. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் வீட்டில் மூன்று மாதம் இருந்தவர் சும்மா உட்கார்ந்திருப்பாரா என்று என் பாட்டி கேட்பார். இந்தத் திருநாள் முன்பு ஜூலை 2ஆம் தேதி இருந்தது. இப்போது மே 31.

தோட்டங்களில் இந்த நம்பிக்கை வேறு மாதிரி வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து பால்மரக் காட்டுக்கு வந்தவர்களில் கத்தோலிக்கர் சிலரே. லயத்து வரிசைக்கு இரண்டு மூன்று குடும்பம் இருந்தால் அதிகம். சாமியார் எப்போதோதான் வருவார். மற்ற நாள்களில் உபதேசியார்தான் எல்லாம். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்தபின், மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்து மந்திரம் சொல்லிக்கொடுப்பார். புத்தகம் பார்த்து அல்ல, வாய்ப்பாடமாக.

அந்த மந்திரங்களோடு ஒரு பட்டியலும் வரும். இரக்கச் செயல்கள் பதினான்கு. ஏழு உடலுக்கு, ஏழு ஆன்மாவுக்கு. பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், ஆடையற்றவருக்கு ஆடை, வீடற்றவருக்கு இடம், நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் பார்க்கப் போவது. இந்த ஆறும் மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இருப்பவை. ஏழாவதான இறந்தவரை அடக்கம் செய்வது, நினிவே நகரில் ராஜாவுக்குப் பயப்படாமல் அநாதைப் பிணங்களைப் புதைத்த தோபித்துவின் கதையிலிருந்து வந்தது.

நம் மாநிலத்துக்கு அந்த ஏழாவது செயல் நன்றாகத் தெரியும். 1943இல் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டின் கடைசியில் சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, ஜப்பானியர் அங்கிருந்த கத்தோலிக்கர்களைப் பகாவ் காட்டுக்குக் குடியேற்றினார்கள். பெரும்பாலும் யுரேஷியர், சீனர். மண்ணைக் கொத்திப் பழக்கமில்லாத நகரத்து மனிதர்கள். மலாக்கா ஆயர் அட்ரியன் டெவால்ஸ் அவர்களைத் தனியே அனுப்பிவிட்டு நகரத்தில் இருந்துவிடவில்லை. கூடவே வந்து மண்வெட்டி பிடித்தார். மலேரியா நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. மண்வெட்டி காலில் பட்ட காயம் விஷமாகி, 1945 ஜனவரியில் சிரம்பானில் ஆயரும் இறந்தார். சனிக்கிழமை பாசார் மாலாமுக்குப் பகாவ் வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆன்மாவுக்கான ஏழும் அவ்வளவு சுலபமில்லை. தெரியாதவருக்குச் சொல்லித்தருவது, குழம்பியவருக்கு ஆலோசனை, தவறு செய்பவரைத் திருத்துவது, துயரப்படுபவருக்கு ஆறுதல், தீங்கைப் பொறுப்பது, மன்னிப்பது. கடைசியாக, உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும் செபிப்பது. செபமே இரக்கச் செயல்களின் பட்டியலில்தான் வருகிறது. எனக்கு இது முப்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. அதுவரை செபம் ஒரு பக்கம், உதவி இன்னொரு பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

உறைக்க வைத்தவர் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் பாட்டி. வயது எண்பதுக்கு மேல். பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. பக்கத்து லயங்களில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். பிள்ளைகள் ஜொகூரில். அங்கே பலகையும் தகரமும் கொண்டு கட்டிய சின்ன அந்தோணியார் கோவிலின் சாவி இவரிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் திறந்து கூட்டுவார். "யாரைக் காணோம்" என்ற கேள்விக்கு ஒருநாள் இவர் பெயர் வந்தது.

முதல் தடவை இளைஞர்கள் நாங்கள் ஆறு பேர் இரண்டு காரில் போனோம். பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், சீனி, மைலோ. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனவள் பார்த்தேன், ஏற்கெனவே மூன்று அரிசி மூட்டைகள். வெவ்வேறு அமைப்புகள் கொடுத்தவை. ஒன்றில் வண்டு ஊர்ந்தது. பாட்டிக்கு இனிப்பு நீர் நோய். சீனியும் மைலோவும் அவருக்கு எதற்கு?

யாக்கோபு தம் திருமுகத்தில் மேலிருந்து வரும் ஞானம் எப்படி இருக்கும் என்று சொல்லும்போது, இரக்கம் நிறைந்தது என்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் ஞானம் என்ற சொல் பிறந்ததிலிருந்து புழங்கும். ஞானஸ்நானம், ஞானத்தாய், ஞானத்தகப்பன், ஞான ஒடுக்கம். ஆனால் ஒருவருக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போகும் ஞானம் எங்களிடம் அன்றைக்கு இல்லை. 1833இல் பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது ஃபிரடெரிக் ஒசானாமுக்கு வயது இருபது. ஏழையின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவதை அந்த மாணவர்கள் தங்கள் முதல் வேலையாக வைத்துக்கொண்டார்கள். எங்களைவிடச் சின்னப் பிள்ளைகள்.

அடுத்த தடவை வெறுங்கையோடு போனோம். கேட்டோம். கண் பரிசோதனைக்குக் கொடுத்த தேதி இரண்டு முறை தவறிப்போயிருந்தது. பேருந்து நிற்கும் இடம் வரை நடக்க முடியவில்லை. அடையாள அட்டை இன்னும் சிவப்பு. எங்கள் அன்பியத்தில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் இருக்கிறார். வண்டி பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். இளம் வழக்கறிஞர் ஒருத்தி மூன்று சனிக்கிழமை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய தாள்களைப் பிரித்து அடுக்கினாள். பதினான்கில் இது எத்தனையாவது என்று அவள் சிரித்தாள். ஆலோசனை, எட்டோ ஒன்பதோ.

அன்று சாயங்காலம் கோவிலைத் திறந்து செபமாலை தொடங்கினார். வானொலிக்காரியின் புத்தி, நான் கைப்பேசியை எடுத்துப் பதிவு பொத்தானை அழுத்தினேன். பாட்டி பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினார். செபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். நான் குரல் அளவு சரியா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வெளியே காலணி கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அத உள்ள வைம்மா," என்றார். "இத்தன வருசமா ரெண்டு பாதியயும் நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். மறுபாதி சொல்ல ஆளு வந்திருக்குன்னு நெனச்சேன்."

கைப்பேசி பைக்குள் போனது. மறுபாதியைச் சொன்னேன். முதல் பத்து மணியில் எனக்குக் குரல் சரியாக வரவில்லை. தினமும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசும் குரல்தான்.

கண் சிகிச்சை முடிந்துவிட்டது. அடையாள அட்டைக்கான மனு போயிருக்கிறது. இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை, சில சமயம் இரண்டு, யாராவது போகிறோம். மழை பிடித்துக்கொண்டால் செம்மண் பாதையில் கார் ஏறாது, சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பக்கத்து லயத்துப் பையன் ஒருவன், வங்காளதேசத்து முஸ்லிம், பாட்டிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதையும் கோவில் கூரைத் தகரத்தைச் சரிசெய்து கொடுத்ததையும் போன மாதம்தான் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு முன்பே அவன் தொடங்கிவிட்டிருக்கிறான்.

இந்த மே 31க்கும் போகிறோம். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் வெயில் தாழ்வதற்குள் சேர்ந்துவிடலாம். என்ன கொண்டுவர என்று கேட்டதற்குப் பாட்டி யோசித்துச் சொன்னார்: மெழுகுவர்த்தி ஒரு கட்டு, முடிந்தால் கொஞ்சம் மல்லிகை. அரிசி வேண்டாம்.