நண்பரோடு கூட்டு வியாபாரம்



தனியொருவராகக் கடை நடத்தி வரும் ஒருவரிடம், வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய பால்ய நண்பர் வருகிறார். "ஐந்து லட்சம் இருக்கிறது, உன் கடையில் போட்டுக்கொள், பார்த்துக் கொடு" என்கிறார். முஸாஃபஹா செய்து பிரிகிறார்கள். காகிதமில்லை, சாட்சியுமில்லை. நம் ஊர்களில் கூட்டு வியாபாரம் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. பின்னாளில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதும் ஸலாம் சொல்லிக்கொள்ளாத நிலைக்கு வித்தும் இங்கேதான் விழுகிறது.

"பார்த்துக் கொடு" என்றால் என்ன? அந்த ஐந்து லட்சம் கடனா, கூட்டு முதலா? கடனென்றால், கடை மூழ்கினாலும் முழுத் தொகையையும் திருப்பித் தந்தாக வேண்டும். நிபந்தனையிட்டு அதற்கு மேல் வாங்குவது வட்டி. கூட்டென்றால், லாபத்தைப் போலவே நட்டமும் அவரைச் சாரும். முதலுக்கும் உத்தரவாதம், லாபத்திலும் பங்கு என்று இரண்டையும் கேட்க மார்க்கத்தில் இடமில்லை. மாதம் ஐயாயிரம் என்று முடிவாகப் பேசி, அதற்கு லாபம் என்று பெயர் சூட்டுவதும் கூடாது. பேச வேண்டியது விகிதமே: பாதியா, மூன்றிலொன்றா என்று.

நட்டத்தை அவரவர் போட்ட முதலின் அளவுக்கே சுமக்க வேண்டும் என்பதில் இமாம்கள் ஒருமித்திருக்கின்றனர். லாபத்தில்தான் வேறுபாடு. கடையில் உழைப்பவர் தம் முதலின் அளவைவிடக் கூடுதல் பங்கு பெறுவதாகப் பேசிக்கொள்ள ஹனஃபி மத்ஹபில் அனுமதியுண்டு. ஷாஃபி மத்ஹபில் லாபமும் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும். நம்மிடையே இரு மத்ஹபினரும் இருப்பதால், பணத்தை எண்ணுவதற்கு முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பணம் மட்டும், மற்றவர் உழைப்பு மட்டும் தருவது முளாரபா. அதில் பண நட்டம் முதலீட்டாளருக்கு. உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீண். அவரது கவனக்குறைவோ மோசடியோ இருந்தால் மட்டும் நிலை மாறும்.

இனி நாட்டுச் சட்டம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வாய்ப்பேச்சுக் கூட்டையும் ஏற்கிறது. ஆனால் நீங்கள் ஒன்றும் பேசி வைக்காவிட்டால், 13ஆம் பிரிவு லாபத்தையும் நட்டத்தையும் சரிபாதியாக்கிவிடும்; முதல் யார் எவ்வளவு போட்டார் என்று பார்க்காது. அதே பிரிவு, ஒரு கூட்டாளி தம் முதலுக்கு மேல் கடைக்கு முன்பணம் தந்தால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டிக்கு உரியவர் என்கிறது. வட்டியை வெறுக்கும் இருவர், எழுதாத காரணத்தால் வட்டிக்கு உரிமையுள்ளவர்களாகி நிற்பதைப் பாருங்கள்! ஒப்பந்தத்தில் "வட்டியில்லை" என்ற ஒரு வரி போதும். சட்டம் அதற்குக் கட்டுப்படும். ஆயினும் வெளியாருக்குத் தர வேண்டிய கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. நண்பர் கையெழுத்திட்டு வாங்கிய சரக்குக்கு உங்கள் வீடும் பதில் சொல்ல நேரலாம்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எனினும் பதிவில்லாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்த உரிமையைக் கோரி மற்றவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவுமே இயலும். தனிக்கடை உங்கள் பான் எண்ணில் நடந்தது. கூட்டுக்குத் தனிப் பான் வேண்டும், ஜிஎஸ்டி பதிவிருந்தால் அதுவும் புதிதாக வேண்டும். அன்றைய தினமே இருப்புச் சரக்கை எண்ணி விலையிட்டு, வர வேண்டிய பாக்கியையும் தர வேண்டிய பாக்கியையும் இருவரும் ஒப்பமிட்டு வையுங்கள்.

"நண்பனிடம் எழுதி வாங்குவதா?" என்று கூச்சப்படுகிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282ஆம் வசனம், தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடனைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. சிறு தொகையானாலும் சலிப்படையாமல் எழுதச் சொல்கிறது. ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் இவ்வாறு சொல்கிறது என்பதையும் கவனியுங்கள்.

மவ்த்தைப் பற்றியும் எழுதுங்கள். வேறு விதமாகப் பேசியிராவிட்டால், ஒரு கூட்டாளியின் மரணத்தோடு கூட்டு கலைந்துவிடும். அவருடைய பங்கு வாரிசுகளின் சொத்து. கடையின் கல்லாப் பெட்டியை ஒரு நாளும் பார்த்திராத அவருடைய மனைவி இத்தா முடிந்து வந்து கேட்கும்போது, கொடுப்பதற்கு ஒரு தொகையும் அதைக் காட்டும் ஏடும் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலொன்றை இரு வீட்டிலும் பெண்களிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.